குழலின் கறுப்பு

(நீலகிரி மாவட்டத்தின் தேயிலைத் தோட்டப் பகுதி ஒன்றில், துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் விவசாயிகளும் தோட்டக்காரர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"துப்பாக்கிக்குத் துரு பிடிக்காம வச்சுக்கறது எப்படின்னு ஒரு மணி நேரம் சொல்லுங்க சார்" என்று கேட்டுத்தான் என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள். நான் வேட்டைக்காரன் இல்லை. முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். வாழ்நாளில் மொத்தம் நாலு தோட்டா சுட்டிருப்பேன். மூன்று மரத்தில் பட்டது, நாலாவது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனதைக் கூடவே இருந்து பார்த்தவன். அந்தக் கதையைச் சொல்கிறேன். நடுநடுவே வேதியியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம் இருந்தது. பர்மிங்காமில் செய்தது. காட்டுப்பன்றியை விரட்ட எப்போதாவது வெளியே வரும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதுவும் குறைந்து, வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைவிட்டு வெளியே வரும் பொருளாகிவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் வீட்டிலும் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன். தினமும் சுடுகிறவன் தினமும் துடைப்பான். சுடாத துப்பாக்கியை யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் அத்தை வந்திருந்தார். குத்துவிளக்கு, தாம்பாளம், அரிவாள்மணை எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், துப்பாக்கியையும் எடுத்துப் பார்த்தார். குழல் கருகருவென்று இருந்தது. "அண்ணா இதை எத்தனை வருஷமா தேய்க்கலையோ" என்று சொல்லிக்கொண்டே அதற்கும் புளி போட்டார், சாம்பல் போட்டார். அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது இரண்டு குழலும் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தன. பொட்டு வைத்து, மாலை போட்டு, வாழை இலையில் சாத்தியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தங்கையிடம் என்ன சொல்ல முடியும்? பத்தே நாளில் அந்த வெள்ளைக் குழல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிட்டது.

அத்தை அழுக்கு என்று நினைத்த அந்தக் கறுப்பு என்ன? அதுவும் துருதான். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த ஒன்று.

பழைய முறையில் குழலுக்கு நிறம் ஏற்றுவது இப்படி. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாமல் கழுவுவார்கள். கைரேகை பட்டால்கூட அந்த இடத்தில் நிறம் ஏறாது. பிறகு துருவைக் கிளப்பும் ஒரு திராவகத்தை மெல்லியதாகத் தடவி, ஈரப்பதம் மிகுந்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிடுவார்கள். குழல் முழுக்கச் சிவப்புத் துரு, ஆப்பிள் தோலில் படியும் மாவு மாதிரி, ஒரே சீராகப் படரும். அந்தக் குழலைச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் சிவப்பு கறுப்பாக மாறும். காந்தத்துக்கு ஒட்டுகிற கறுப்பு இரும்பு ஆக்சைடு அது. மேலே தளர்வாக நிற்கும் தூளை மெல்லிய கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு மறுபடி திராவகம், மறுபடி ஈரப்பெட்டி, மறுபடி கொதிநீர். இப்படி ஆறு, எட்டு, பத்து முறை செய்வார்கள். நாள் கணக்கில் ஆகும் வேலை. கொதிக்கவைக்காமல் விட்டால் பழுப்பு நிறத்தில் நிற்கும். அந்தக் காலத்து டமாஸ்கஸ் குழல்களில் இரும்பும் எஃகும் முறுக்கிய கோடுகள் வரிவரியாகத் தெரிவதும் இந்தத் துரு வித்தையால்தான். இரண்டு உலோகமும் வெவ்வேறு அளவில் நிறம் பிடிக்கும்.

ஆக, கொல்லன் துருவை வேண்டுமென்றே வரவழைத்து, நல்ல குணத்துக்கு மாற்றி, அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கறுப்புப் படலம் மிக மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் அதனால் கிடைக்கும் பெரிய லாபம். எண்ணெய் இல்லாவிட்டால் அதே துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமிலம் பட்டால் படலமே கரைந்து போகும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். எனவே ஆயுத பூஜைக்கு வாகனத்தின் சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குங்கள், தவறில்லை, துப்பாக்கிக் குழலில் மட்டும் எலுமிச்சைத் துண்டை வைக்காதீர்கள். பொட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் கட்டையில் வையுங்கள்.

கதைக்கு வருகிறேன். குழலுக்கு மறுபடி நிறம் ஏற்ற, அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சமவெளியில் ஒரு நகரத்துக்குப் போனார். கடைப் பெயர் வேண்டாம். இரண்டே நாளில், புதிது மாதிரி, கண்ணாடிபோல் மின்னுகிற கருநீலத்தில் திருப்பித் தந்தார்கள். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு நாளில் எப்படி முடிந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை ஏறக்குறைய 140 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் குழலை முக்கி எடுப்பது வேகமான முறை. ஒற்றைக்குழலுக்கும் ரைபிளுக்கும் அது சரி, இன்றைய தொழிற்சாலைகள் அப்படித்தான் செய்கின்றன. இரட்டைக்குழலின் கதை வேறு. இரண்டு குழல்களுக்கு நடுவில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நீளப் பட்டை ஓடுகிறதே, பழைய துப்பாக்கிகளில் அது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றால் ஒட்டப்பட்டது. காஸ்டிக் அந்தப் பற்றை அரிக்கும். அதைவிட மோசம், பட்டைக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்துக்குள் ஊசித்துளை வழியாகப் புகுந்து உப்பு அங்கேயே தங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் வராது. மலைக்காற்றில் ஈரம் ஏற ஏற அது உள்ளிருந்து வேலை செய்யும்.

இரண்டு வருடம் கழித்துப் பட்டையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி கசிந்தது, அதன் பின்னால் செந்துரு. குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, நகத்தால் தட்டிப் பாருங்கள். பட்டை உறுதியாக இருந்தால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். விட்டுப்போயிருந்தால் உடைந்த பானை மாதிரி 'டப்' என்று நின்றுவிடும். எங்களுடையது உடைந்த பானை. உங்களில் யாராவது இரட்டைக்குழலுக்கு மறுபடி நிறம் ஏற்றக் கொடுப்பதாக இருந்தால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சூடான உப்பிலா, துருவேற்றியா?" கேள்வி புரியாத கடையில் கொடுக்காதீர்கள்.

துரு வந்துவிட்டால் உப்புத்தாளை எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். நல்ல பழைய துப்பாக்கிகளில் குழலின் நடுப்பகுதிக்கு மேல், சுவர் மெலிந்த இடத்தில், அரையிலிருந்து முக்கால் மில்லிமீட்டர்தான் தடிமன். ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறைய பாதி. தோட்டா வெடிக்கும் அழுத்தத்தை அந்தச் சுவர்தான் தாங்க வேண்டும். அதில் துரு ஒரு குழி தோண்டியிருக்கிறது, நீங்கள் குழி மறையும்வரை சுற்றிலும் தேய்க்கிறீர்கள் என்றால், பாக்கி என்ன இருக்கும்? லேசான துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, செப்புக் காசின் ஓரத்தால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, துருவைத் தூக்கும், குழலைக் கீறாது. குழி விழுந்துவிட்டால் கைவைக்காமல், சுவரின் தடிமனை அளக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அளக்கும்வரை அதில் தோட்டா போட வேண்டாம்.

சரி, துரு எப்போது கிளம்புகிறது? மழையில் நனைந்தால் என்று எல்லோரும் சொல்வோம். மழையில் நனைந்த துப்பாக்கியை யாரும் சும்மா விடுவதில்லை, உடனே துடைத்துவிடுகிறோம். நனையாத துப்பாக்கிதான் ஏமாற்றும். 1920, 30களில் வெர்னான் என்ற ஆங்கில விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். காற்றின் ஈரப்பதம் ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு ஏறக்குறைய சும்மா இருக்கிறது, எல்லை தாண்டியதும் அரிப்பு சட்டென்று எகிறுகிறது. காற்றில் மாசு இருந்தால் 60 சதவீதம் சொச்சத்திலேயே எகிறும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் போதும். உப்புப் பட்ட இடத்தில் அந்த எல்லை இன்னும் இறங்கிவிடும். நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. துப்பாக்கியை எடுத்து விருந்தாளிக்குக் காட்டி, அவரும் தொட்டுப் பார்த்து, அப்படியே உறைக்குள் போட்டால், ஒரு மாதம் கழித்து விருந்தாளியின் ஐந்து விரலும் குழலில் சிவப்பாகப் பதிந்திருக்கும். போலீசுக்கே வேலை மிச்சம்.

இன்னொரு ஏமாற்று, வியர்க்கும் குழல். பிரிட்ஜிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வெளியே நனைகிறதே, அதே கதை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் நனையும். ஏசி காரிலிருந்து இறக்கிய துப்பாக்கி கீழே சமவெளியில் இப்படி நனையும். மேலே நம் ஊரில், ராத்திரிக் காவலுக்குப் போய்விட்டுச் சில்லென்ற குழலோடு அடுப்பெரிகிற அறைக்குள் நுழைந்தாலும் இதுதான் நடக்கும். வந்ததும் உறையில் போடாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, திறந்து, அரை மணி நேரம் அறையோடு பழக விடுங்கள். பிறகு துடைத்து எண்ணெய் இடுங்கள். அடுப்புப் பக்கத்தில் சாய்த்துக் காயவைக்கவும் வேண்டாம், கட்டை வெடிக்கும்.

இப்போது உறை. அப்பாவின் துப்பாக்கிக்கு அழகான தோல் உறை இருந்தது, உள்ளே கம்பளி தைத்தது. கண்போலக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து வருடம் முழுக்க அதற்குள் வைத்திருந்தார். தோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பதனிட்ட அமிலமும் உப்பும் அதிலேயே இருக்கும். மழைக்கால ஈரம் உள்ளே போகும், வெயில் வந்தால் வெளிப்பக்கம் மட்டும் காயும். கம்பளியும் ஸ்பாஞ்சும் இன்னும் மோசம், குழலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். உறை என்பது தூக்கிக்கொண்டு போவதற்கு. வீட்டுக்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். சொல்லப்போனால், அத்தையின் புளி ஒரு நாள் செய்த கெடுதலைவிட, அப்பாவின் உறை இருபது வருடம் செய்த கெடுதல் அதிகம். அத்தை இருக்கும்வரை இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. பூட்டுகிற அலமாரியை எப்படி உலர்வாக வைப்பது? பழைய எஸ்டேட் பங்களாக்களில் துணி அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியுமே, கோட்டு பூஞ்சை பிடிக்காமல் இருக்க? பெயர்தான் ஜீரோ, பழைய குண்டு பல்பு 12, 15 வாட் வரை இழுக்கும். அதுதான் அதன் அருமை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மழைக்காலத்தில் அறை 22 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அலமாரிக்குள் 27 டிகிரியாக்கினால், காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை நீக்காமலே உள்ளே ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எல்.ஈ.டி. போட்டால் பிரயோஜனமில்லை, அது சூடாகாது. பல்பை அலமாரியின் அடியில், துணியோ கட்டையோ படாமல் வையுங்கள். தோட்டாக்களை அந்த அலமாரியில் வைக்காதீர்கள்.

பல்பு வேண்டாம் என்றால் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் வாணலியில் லேசாக வறுத்தால் மறுபடி உழைக்கும். கடையில் அலமாரி ஈரம் வாங்கும் டப்பா என்று ஒன்று விற்கிறார்கள், கீழே தண்ணீர் சேருமே, அதைத் துப்பாக்கிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதற்குள் இருப்பது கால்சியம் குளோரைடு. சேர்வது சாதாரணத் தண்ணீர் இல்லை, கெட்டியான உப்புத்தண்ணீர். ஒருநாள் சாய்ந்தால் போதும்.

எண்ணெயைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். இந்தப் பக்கம் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. குளிரில் உறையும், நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும், அதில் பிரியும் கொழுப்பு அமிலம் உலோகத்துக்கு நல்லதில்லை. தையல் மெஷின் எண்ணெய் போதும், அது தாதுஎண்ணெய். டபிள்யூடி-40 என்கிற ஸ்பிரே 1953-ல் சான் டியாகோவில், ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காப்பாற்றச் செய்தது. நனைந்த குழலிலிருந்து தண்ணீரை விரட்ட அது நல்ல ஆள். காவலுக்கு நிற்கும் ஆள் இல்லை, சில வாரங்களில் அதன் படலம் மெலிந்துவிடும். அடித்துத் துடைத்துவிட்டு மேலே எண்ணெய் இடுங்கள். அதுவும் விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு மெல்லிசாக. வழிய வழிய ஊற்றி நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலையில் ஊறி, மரம் வருடக்கணக்கில் இற்றுப்போகும். எண்ணெய் இட்ட முதல் ராத்திரி குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்காத துப்பாக்கிக்கு மெழுகு நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவாக்கிய ஒருவகை நுண்மெழுகை இன்றும் உலகெங்கும் அருங்காட்சியக ஆயுதங்களுக்குப் பூசுகிறார்கள். ஒட்டாது, தூசி பிடிக்காது, கை பட்டாலும் ரேகை உள்ளே போகாது.

குழலின் உட்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையல் உப்பின் பங்காளியாக, குழலுக்குள் படியும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் அந்தக் காலத்து ஷிகாரிகள் குழலுக்குள் கொதிக்கும் வெந்நீரை ஊற்றினார்கள். உப்பைக் கரைத்துவிடும், குழல் சூடாகித் தானே காய்ந்தும்விடும். 1920களில் ஜெர்மனியில் துருவேற்றாத கேப் வந்தபிறகு அந்தத் தேவை மெல்ல மறைந்தது. இப்போது தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு உருகிப் பூசிய படலத்துக்கு அடியில் ஈரம் ஒளிந்துகொள்கிறது. வெண்கலத் தூரிகை போட்டுத் தேய்த்து எடுங்கள். சுடுவதற்கு முன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், அடைத்த குழல் வெடிக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே குடகு இருக்கிறது. அங்கே கொடவர்களுக்கு 1861-லிருந்து ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நாற்று நடும் மழை மாதங்களில் துப்பாக்கியைப் பூசை அறையில் வைத்துவிடுவார்கள். நடவு முடிந்து, செப்டம்பர் தொடக்கத்தில் கைல் போள்து அன்று எடுத்துத் துடைத்து, பூ வைத்துக் கும்பிடுவார்கள். கைல் என்றால் ஆயுதம், போள்து என்றால் பண்டிகை. வைக்கும் பூவுக்குப் பெயர் தோக் பூ, துப்பாக்கிப் பூ. அது வேறொன்றுமில்லை, நம் செங்காந்தள்தான். பக்தி இருக்கட்டும், வேதியியல்காரன் கண்ணுக்கு அந்தப் பண்டிகை வைத்த இடம் கச்சிதம். வருடத்தின் மிக ஈரமான மாதங்கள் முடிகிற நேரத்தில், ஒரு சமூகமே ஒரே நாளில் துப்பாக்கியைத் துடைக்கிறது. நம் ஆயுத பூஜை அதற்கும் ஒரு மாதம் தள்ளி வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பாவும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கொடுத்தார். ஒருமுறை திரும்பி வந்தபோது குழலில் நூல் கட்டி அட்டை தொங்கியது. நூலை அறுத்தால் அதற்கு அடியில் சுற்றிலும் மோதிரம் போட்டமாதிரி துரு. பருத்தி நூல் இரண்டு மாதம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷனைக் குறை சொல்லவில்லை, துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது அவர்கள் வேலை இல்லை. கொடுப்பதற்கு முதல் நாள் மெழுகு பூசிக் கொடுங்கள். அட்டையை விசைக்காப்பில் கட்டச் சொல்லிக் கேளுங்கள், தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

அப்பா காலமான பிறகு அந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டோம். வாங்கிக்கொண்டவர் குழலைக் கழற்றி நகத்தால் தட்டினார். 'டப்' என்றது. ஒன்றும் பேசாமல் ரசீது எழுதிக் கொடுத்தார்.

இன்னும் சில நாளில் மழை பிடித்துவிடும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, உறையைக் கழற்றித் தனியாக வையுங்கள்.